ஆட்டோகிராஃப் நோட்டைத் திருப்பித் தந்தவருக்கு

போன வாரம் மழையில், மாநகரப் பேருந்தின் சீட்டிலேயே என் ஆட்டோகிராஃப் நோட்டை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் ஒரு போன். "சேப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில கொடுத்திருக்கேன், வாங்கிக்கோங்க." பெயர் கேட்பதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தால் அது டீக்கடைக்காரரின் எண்.

பிரித்துப் பார்த்தபோதுதான் அசந்துபோனேன். நனைந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே தினத்தாளை அளவாகக் கிழித்துச் செருகியிருந்தார், ஈரம் உறிஞ்ச. அந்தத் துண்டுகளில் மையின் நீலம் இறங்கியிருந்தது. பவுண்டன் பேனா மை தண்ணீரில் கரையும். பால்பாயின்ட் மை எண்ணெய் சார்ந்தது, தாங்கிவிடும். கிரிக்கெட் வீரர் ஸ்ரீகாந்தின் கையெழுத்து லேசாகப் பரவிவிட்டது, பரவாயில்லை. 2022 செஸ் ஒலிம்பியாடின்போது மாமல்லபுரத்தில் காத்திருந்து வாங்கிய குகேஷின் கையெழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது 16 வயதுப் பையன், முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்திருந்தார். 2024 டிசம்பரில் உலக சாம்பியன்!

விற்றால் என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்பார்கள். விற்கவா வாங்கினேன்?

அண்ணா, குரலை வைத்து அண்ணா என்கிறேன், ரொம்ப நன்றி. அந்தத் தினத்தாள் துண்டுகளையும் நோட்டிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்துக்கு ஒரு பக்கம் காலியாக இருக்கிறது.