அலைச்சறுக்குச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை (மணப்பாட்டு முகாம் விவரத்துடன்)

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை அலைக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் முதலில் வகுப்பு, பிறகு போட்டி, கடைசியில் முகாம் என்று வரும். இந்த ஆண்டு அந்த வரிசை வேண்டாம் என்று செயற்குழுவிலேயே சொல்லிவிட்டேன். வந்திருப்பவர்களில் பாதிப் பேர், மணப்பாட்டில் அலையே இல்லையே, முகாம் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். உங்களைக் கடைசிவரை உட்கார வைப்பது முறையல்ல.

முகாமுக்கு மே கடைசி வாரம் என்று தேதி குறித்ததற்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. பள்ளி திறக்குமுன் போய்வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், காசிமேட்டு விசைப்படகுகளில் தொழிலுக்குப் போகும் நம் பையன்கள் வீட்டில் இருப்பார்கள். வேன்காரரோ மார்ச்சிலேயே முன்பணம் கேட்டார். மூன்றும் சேர்ந்து தேதியை முடிவு செய்துவிட்டன.

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு ஏன் என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். தெற்கே இருந்து வரும் பேரலையை இலங்கை மறித்துக்கொள்வதால், கோடையில் சென்னைப் பக்கத்து நம் கரைக்கு அதில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. மணப்பாட்டில் குன்று ஒன்று கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. தென்திசை அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து, வடபக்கக் குடாவுக்குள் ஓரமாக உடைந்துகொண்டே ஓடும். மேலைக்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் அலை சட்டென்று கவிழாமல் நிமிர்ந்து நிற்கும். நம் சீனியர்கள் அங்கே பிடித்த அலைகளைப் பற்றி டீக்கடையில் பேசாத நாள் இல்லை. பேசப் பேச அந்த அலைகளின் உயரமும் கூடிக்கொண்டே போகிறது, அது வேறு விஷயம்.

கிளம்புவதற்கு முன்பே ஒரு சிக்கல். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனதை எல்லோரும் அறிவோம். கள்ளக்கடல் என்ற சொல்லை நம் ஊர்த் தாய்மார்கள் பலர் அப்போதுதான் கேட்டார்கள். கரையில் காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தென்கோடிக் கடலில் அடித்த புயலின் அலை ஓசையில்லாமல் வந்து ஏறும். நாம் போர்டைத் தூக்கிக்கொண்டு தேடிப்போகும் அலையும் அதே கடலில் பிறப்பதுதான். இதைப் பெற்றோர் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னோம். சொன்ன பிறகு சில வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவில்லை. அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீச்சல் தேர்வில் தேறாதவர்களைத் தண்ணீரில் இறக்குவதில்லை, லீஷ் (காலையும் போர்டையும் பிணைக்கும் கயிறு) இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது, இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை வந்தால் கரையோடு நிற்க வேண்டும் என்ற விதிகளோடுதான் வேன் ஏறினோம்.

அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரிப் பயணம். திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரபட்டினத்தைத் தாண்டி, விடிகாலையில் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயக் குன்றில் ஏறிப் பார்த்தபோது குடா முழுக்கக் குளம் மாதிரி கிடந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. பயிற்சியாளர் அண்ணன் மட்டும், "மொதல்ல டென்ட்டப் போடுங்கடா" என்றார்.

டென்ட் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அந்த மேலைக்காற்று, இந்தப் பக்கத்துத் தேரிச் செம்மணலையும் வாரிக்கொண்டு வருகிறது. பனங்காட்டு ஓரத்தில் முளை அடித்தால் மணலில் நிற்கவில்லை. கடைசியில் அரிசிச் சாக்குகளில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்த பிறகுதான் கூடாரம் நின்றது. மகளிர் பிரிவின் டென்ட் முதல் இரவிலேயே கம்பி வளைந்து போனது. மறுநாளே பனங்காட்டுக்காரர் வீட்டுத் திண்ணையையும் முன்னறையையும் அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். சோற்றில் மணல், சாம்பாரில் மணல், கால் வழுக்காமலிருக்கப் போர்டில் தடவும் வேக்ஸில் மணல். வேக்ஸில் மணல் ஒட்டினால் வயிறும் முட்டியும் என்ன ஆகும் என்று போர்டு ஏறுகிறவர்களுக்குத் தெரியும்.

அலை முன்னறிவிப்புச் செயலியில் ஒன்றே முக்கால் மீட்டர் அலை என்று போட்டிருந்ததே, அது எங்கே போனது என்ற கேள்வி வேன் திரும்பும்வரை ஓயவில்லை. விடை இதுதான். செயலியில் கொட்டை எழுத்தில் வரும் உயரம், பக்கத்துக் காற்று கிளப்பும் அலையையும் தூரத்துப் பேரலையையும் கலந்து சொல்லும் கணக்கு. ஏழெட்டு நொடிக்கு ஒன்றாக வருவது காற்றலை. அது குமரிமுனைக்கு வெளியே திறந்த கடலில்தான் மேயும். முனைக்குக் கிழக்கே மறைவில் இருக்கும் குடாவுக்குள் வராது. குடாவுக்குள் வளைந்து வருவது பதினான்கு, பதினைந்து நொடிக்கு ஒன்றாக வரும் அலை. அந்த வாரம் அது கொஞ்சம்தான் இருந்தது. அந்தக் கொஞ்சமும் தென்மேற்கிலிருந்து வந்ததால் குமரிமுனையே பெரும்பங்கை மறித்துக்கொண்டது. முகாம் துணைக்குழு உயரத்தைப் பார்த்தது. நொடியையும் திசையையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முன்பணம் கொடுத்த வேன் நிற்கப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிடைத்தது முழங்கால் அலை. நீளப் போர்டுக்காரர்களும் பிள்ளைகளும் அதிலேயே ஏறி இறங்கினார்கள். எழுந்து நிற்கவே பயந்த சில பிள்ளைகள் அங்கேதான் நிற்கப் பழகினார்கள். பெரிய அலை வந்திருந்தால் அவர்களை மணலில்தான் உட்கார வைத்திருப்போம். சின்னப் போர்டுக்காரர்கள் குன்று முனைக்கு வெளியே போய்க் காத்திருந்து, வெயிலில் கருகித் திரும்பினார்கள். மதியத்துக்கு மேல் காற்று கடல் பக்கமாகத் தள்ள ஆரம்பித்ததும் அண்ணன் எல்லோரையும் கரைக்கு ஏற்றிவிட்டார். அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அலையில்லாத நாளில் கரைக்காற்றில் போர்டோடு வெளியே போனால், திரும்பக் கரைக்குத் தள்ளிவிட அலை இருக்காது. அண்ணன் செய்தது சரி என்பதைப் பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன். அதே காற்றில் பட்டம் கட்டிய போர்டில் பறந்தவர்களைப் பார்த்து நம் பையன்கள் வயிறெரிந்ததும் உண்மை.

மாலைகளில் சவேரியார் குகை பார்த்தோம்; 1542இல் அவர் வந்து இறங்கிய ஊர் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். பதநீர், நுங்கு, உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி ஆகியவற்றில் யாருக்கும் குறையில்லை.

இப்போது பணம். வேன் ஓடியது, சாப்பாடு போட்டோம், இடத்துக்கு வாடகை கொடுத்தோம். அலைக்கென்று யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆகவே பணத்தைத் திருப்பித் தர இயலாது என்பது செயற்குழுவின் முடிவு. நானும் அதற்குக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஆனால் அடுத்த முகாமுக்கு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். பதினைந்து நொடிப் பேரலை மணிக்கு நாற்பது கிலோமீட்டர் அளவில் நகரும். தென்கோடிக் கடலில் புயல் அடித்து, அதன் அலை நம் தென்கரைக்கு வர ஐந்தாறு நாள் ஆகும். வருகிறேன் என்று கடல் ஐந்து நாள் முன்பே சொல்லிவிடுகிறது. நாம்தான் இரண்டு மாதம் முன்பே தேதி குறிக்கிறோம். எனவே ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை முகாமுக்கான காத்திருப்புக் காலமாக வைத்துக்கொள்வோம். நொடியும் திசையும் சரியாக இருந்தால், கள்ளக்கடல் எச்சரிக்கை இல்லாதிருந்தால், நான்கு நாள் முன்னறிவிப்பில் கிளம்புவோம். ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் லீவு கிடைக்காது என்கிறார்கள். நியாயமான கவலைதான். அவர்களுக்காக எல்லோரும் இன்னொரு முறை குளம் பார்க்கப் போக வேண்டுமா என்பதை இந்தப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். முன்பணத்தை இரண்டு தேதிகளுக்குச் செல்லும்படி வாங்கிக்கொள்ள நம் ஊர் வேன்காரர் ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

மற்ற செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிறு வகுப்புகள் மழைமாதம் தவிர நடந்தன. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு நம் கரையில் ஒதுங்கிய குப்பையை உறுப்பினர்கள் அள்ளினார்கள். போர்டுக் கொட்டகையின் ஓலை இன்னும் முழுதாகப் போடவில்லை. டிசம்பர் 26இல் சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவாக ஊரோடு சேர்ந்து கடலில் பூ விட்டோம். முதலுதவிப் பயிற்சிக்குப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள். வரும் 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடக்கவிருக்கிறது. கரைப் பணிக்கு வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கவும்.

மணப்பாட்டில் இடம் தந்த பனங்காட்டுக்காரருக்கும், வழிநெடுக போர்டுக் கயிற்றை இறங்கி இறங்கிச் சரிபார்த்த ஓட்டுநருக்கும் சங்கத்தின் நன்றி. வளைந்த டென்ட் கம்பிக்கான செலவு உட்பட வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். தீர்மானத்தின் மீதான விவாதம் அதன் பிறகு.