குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி மூன்று மனு கொடுத்தோம், மூன்றாவதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மூன்றாம் தெருவில் அணைந்து கிடந்த இரண்டு விளக்குகளும் இப்போது எரிகின்றன.

சங்கத்தின் லேப்டாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நல்லா இருந்த லேப்டாப்பைச் செயலாளர் லினக்ஸ் போட்டுக் கெடுத்துவிட்டார்" என்று வாட்ஸ்அப் குழுவில் நான்கு மாதமாகப் பேச்சு ஓடுகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். குழுவில் நான் பதில் எழுதவில்லை. நடந்தது நடந்தபடி சங்கப் பதிவில் இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சந்தா வசூலிக்கும் சமயத்தில் நமது பழைய கணினி நின்றுபோனது. அப்போது இரண்டாம் தெரு உறுப்பினர் ஒருவர், மேல்படிப்புக்கு வெளிநாடு போன தன் மகனின் கேமிங் லேப்டாப்பைச் சங்கத்துக்குக் கொடுத்தார். 2017இல் வாங்கியது. 7ஆம் தலைமுறை கோர் ஐ7 பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு, சிவப்பாக ஒளிரும் கீபோர்டு. அதிலிருந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலிலோ, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் இடம். உரிமம் இல்லாவிட்டாலும் எப்படியாவது விண்டோஸ் 11 ஏற்றித் தரும் கடைகள் இருக்கின்றன என்று செயற்குழுவில் யோசனை வந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான சங்கம் இது. உங்கள் தொலைபேசி எண்ணும் வரவு செலவும் இருக்கும் கணினியில் உரிமம் இல்லாத மென்பொருளைப் போட என் மனம் ஒப்பவில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 போடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். இலவசம், 2029 வரை அப்டேட் உண்டு, மெனுவும் நமக்குப் பழகியதைப் போலவே இருக்கும். ஐந்துக்கு இரண்டு என்று நிறைவேறியது. ஆக, நான் தன்னிச்சையாகச் செய்தேன் என்பது சரியல்ல.

8 ஜிபி பென்டிரைவில் ஏற்றித் தொடங்கினேன். லோகோ தெரிந்தது, அதோடு திரை இருண்டது. கேமிங் லேப்டாப்பில் இது பலருக்கும் நேர்வதுதான். காரணம், உள்ளே கிராபிக்ஸ் சிப் இரண்டு இருக்கின்றன. பிராசசரோடு சேர்ந்தது எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும், தனிக் கார்டு விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும். இரண்டும் வேலையைச் சரியாகப் பகிர்ந்துகொள்ள, தனிக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் திறந்த மூலம் அல்ல, அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் வெளியிடப்பட்டதல்ல. கார்டு நிறுவனம் 2022 மே மாதம் அதில் ஒரு பகுதியைத் திறந்து வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது பிந்தைய தலைமுறைக் கார்டுகளுக்கு மட்டுமே பொருந்தும், நம்முடையது அதற்கும் முந்தையது. எனவே தொடக்க மெனுவில், எளிய திரை அமைப்போடு தொடங்கும் கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுத்து நிறுவி, பிறகு டிரைவர் மேனேஜரில் பரிந்துரைத்த டிரைவரைப் போட்டேன்.

அப்போதும் கார்டு விழிக்கவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், வெளியிலிருந்து சேர்க்கும் டிரைவரின் கையொப்பத்தை முதலில் நாம் ஏற்க வேண்டும். டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் வரும். அங்கே அந்தக் கையொப்பத்துக்கான சாவியைப் பதிந்து, டிரைவர் போடும்போது கொடுத்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். தவறவிட்டால் எதுவும் சொல்லாமல் கணினி எழுந்துவிடும், டிரைவர் மட்டும் ஏறாது. நான் காபி எடுக்கப் போன நேரத்தில் அந்தத் திரை வந்து போயிருக்கிறது. மறுபடி செய்தேன், சரியாகிவிட்டது. இன்னொருவர் இதை நிறுவ நேர்ந்தால் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

இனி குடியரசு தின விழா. புரொஜெக்டரில் படம் வரவில்லை, முப்பது பேர் முன்னிலையில் இருபது நிமிடம் வீணாயிற்று, பிள்ளைகளின் நிகழ்ச்சி தாமதமானது. அதற்கு வருந்துகிறேன். ஆனால் காரணம் இயங்குதளம் அல்ல. சந்தாப் பதிவேட்டுக்குத் தனிக் கார்டு தேவையில்லை, ஓடினால் சூடும் விசிறிச் சத்தமும்தான் மிச்சம், பேட்டரியும் சீக்கிரம் தீரும். அதனால் அதை அணைத்து, பவர் சேவிங் மோடில் வைத்திருந்தேன். நம் லேப்டாப்பில் புரொஜெக்டர் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனிக் கார்டோடு இணைந்திருக்கிறது. பல கேமிங் லேப்டாப்களில் இப்படித்தான். கார்டு அணைந்திருந்தால் அந்தத் துளைக்கும் உயிர் இல்லை. இது எனக்கு அன்று தெரியாது. இப்போது ஆன் டிமாண்ட் மோடில் வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது மட்டும் கார்டு விழிக்கும், அதன் பிறகு ஒரு முறைகூட புரொஜெக்டர் மக்கர் செய்யவில்லை. இதையும் வாட்ஸ்அப்பில் யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரசீதில் நேரம் தவறாக விழுந்ததாக எழுந்த புகாருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பொருளாளர் கேட்டதற்காக முதல் மாதம் இரண்டு இயங்குதளமும் வைத்திருந்தோம். கணினியின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். இரவு 7 மணிக்குப் போட்ட ரசீதில் பகல் 1.30 என்று விழுந்தது இதனால்தான். பணத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. பழைய நோட்டீஸ்கள் கிறுக்கலாகத் தெரிவதும் இதுபோலத்தான். அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான் தெரியும். பெரும்பாலானவற்றை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். புதிய நோட்டீஸ்களைத் தமிழ்99 விசைப்பலகையில் நேராக அடிக்கிறோம்.

பலனையும் சொல்ல வேண்டும். சந்தாப் பதிவேடு முழுவதும் லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளில் இருக்கிறது. அச்சடித்த துணைவிதிகளை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் மூலம் தமிழ் எழுத்தாக எடுத்துத் திருத்தினோம். கையால் எழுதிய தீர்மானப் புத்தகங்களை அதனால் படிக்க முடியவில்லை, அவற்றைத் தட்டச்சுதான் செய்ய வேண்டும். டிசம்பரில் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு திரை கெட்டபோது, கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டில் முந்தைய நாள் நிலைக்குப் பத்தே நிமிடத்தில் திரும்பினோம். பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் கார் பந்தய விளையாட்டில் போட்டி வைத்தோம். ஒரே திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் ஆளுக்கொரு வண்டிக்குக் கை தட்டியதைப் பார்த்தபோது, இரண்டு நாள் இருட்டுத் திரையோடு போராடியதெல்லாம் மறந்துபோனது. பெரிய பையன்கள் கேட்ட வேலரண்ட் என்னும் துப்பாக்கி விளையாட்டு லினக்ஸில் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விடாது. மற்றபடி வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த புரோட்டான் என்னும் மென்பொருள் மூலம், விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டுகள் பலவும் ஓடுகின்றன. ஞாயிறு மாலை மட்டும் அனுமதி.

இயங்குதளத்துக்குச் செலவு எதுவும் இல்லை. லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியும் (தரவைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) தெர்மல் பேஸ்ட்டும் (பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை) வாங்கியதற்கான ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன. மொத்த வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு கடந்த ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, காவலாளி சம்பளத்துக்கு இப்போதைக்குக் குறையில்லை.

குறைந்ததற்குக் காரணம் தெரிந்ததே. 138 வீடுகளில் 57 வீடுகளின் சந்தா வரவில்லை, அதில் 20 வீடுகள் இரண்டு ஆண்டு நிலுவை. கடந்த பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 31 பேர். லேப்டாப்பைப் பற்றி வாட்ஸ்அப்பில் அதிகம் எழுதிய நால்வரில் ஒருவரும் இதுவரை அறைக்கு வந்து அதைத் திறந்து பார்க்கவில்லை. பெயர் சொல்லப்போவதில்லை. வந்து பார்த்த பிறகு குறை சொன்னால் முதல் ஆளாக நான் கேட்டுக்கொள்வேன்.

இந்த லேப்டாப்பைப் பழக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு ஆறு முறை அறிவிப்பு ஒட்டினேன். முதல் வாரம் மூன்று பேர், அப்புறம் ஒருவர்தான், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி. பேக்கப் எடுப்பது, ரசீது போடுவது, டிரைவர் மாற்றுவது எல்லாம் இன்று அவளுக்குத் தெரியும். குடியரசு தினத்தன்று எச்டிஎம்ஐ காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். சங்கத்தின் நன்றி முதலில் அவளுக்கு. லேப்டாப் தந்த உறுப்பினர், தலைவர், பொருளாளர், அறையைப் பெருக்கித் திறந்து வைக்கும் அம்மா, பந்தல் போட்ட இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அவள் பத்தாம் வகுப்பு, அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. ஜூன் முதல் இரண்டு மாதம் நான் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பேன். அப்போது ரசீது போடவும் பேக்கப் எடுக்கவும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கணினி தெரிந்தவர்கள் நம் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மே மாதம் முழுவதும் சனிக்கிழமை மாலை 6 மணி முதல் 8 மணி வரை அறையில் இருப்பேன். பாஸ்வேர்டை உறையில் ஒட்டித் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்