ராமேஸ்வரம் சாலையில் விடியற்காலை விபத்துகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமேஸ்வரம் சாலையில் நடக்கும் விபத்துகளைப் பற்றிய செய்திகளில் வேன் எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதெல்லாம் வருகிறது. மணி எத்தனை, அங்கே தெருவிளக்கு எரிந்ததா, ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார் என்பது வருவதில்லை. உச்சிப்புளியில் சாலையோரம் டீக்கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது அவற்றைத்தான்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்ப சீசன் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கே கடை முன்னால் வேன்கள் நிற்கும். விடிவதற்குள் அக்னி தீர்த்தத்தில் இறங்கிவிட வேண்டும் என்று வருகிறவர்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்த ஓட்டுநர் டீயைக் கையில் வாங்கிவிட்டுக் குடிக்காமல் நின்றுகொண்டிருப்பார். "கிளம்புங்கண்ணே, கூட்டமாயிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குளியல், கோயில் முடிந்து அன்றைக்கே தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, ஏர்வாடி எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரியே ஊர் திரும்புவதாகத் திட்டம் போட்டிருப்பார்கள். மற்றவர்கள் வேனிலேயே தூங்கிக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் எப்போது தூங்குவார்? எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இரண்டு மணிக்கு மேல் விடியும்வரை கண் செருகத்தான் செய்யும்.

அதே நேரத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீர் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறார்கள். வெளி மாவட்டத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்புச் சட்டத்தில் குடங்களை வரிசையாக வைத்துத் தள்ளும் வண்டி அது. இங்கே குடிதண்ணீர் பெரும்பாலும் அதில்தான் வீடு வந்து சேர்கிறது. சாலையோரம் கடல் மணல், குடங்கள் நிறைந்த வண்டியை இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் தார் மேலேயே தள்ளியாக வேண்டும். விளக்கு கிடையாது, பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர்கூடக் கிடையாது. எதிரே வரும் லாரியின் ஹை பீம் கண்ணில் அடிக்கும்போது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அந்த வண்டி தெரியவே தெரியாது. போதாததற்கு, கிராமச் சாலை வந்து சேரும் முக்குகளில் சீமைக்கருவேலம் தார் விளிம்புவரை வளர்ந்து மறைக்கிறது. பைக்கின் முன்சக்கரம் மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு பக்கமும் பார்க்க முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, திருப்பாலைக்குடி, சாயல்குடி பக்கமும் இதே நிலைதான்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை 'பிளாக் ஸ்பாட்', அதாவது விபத்து அதிகம் நடக்கும் இடம் என்று பட்டியலில் சேர்க்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள். நகரத்துச் சந்திப்புக்கு இது சரி. எங்கள் பக்கம் விபத்து ஒரே இடத்தில் குவிவதில்லை. இந்த முக்கில் ஒன்று, அடுத்த ஊர் வளைவில் ஒன்று என்று சிதறி நடக்கிறது. வருஷத்துக்கு ஓர் உயிர் போகும் முக்கு மூன்று வருஷம் ஆனாலும் பட்டியலில் ஏறாது. இடத்தை மட்டும் எண்ணாமல் நேரத்தையும் காரணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கள் விபத்துகளின் போக்கு தெரியும். அதற்கான விவரம் இருக்கிறது. காவல்துறை இப்போது ஒவ்வொரு விபத்தையும் இடம், நேரத்தோடு கணினியில் பதிகிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு அதை ஊர் வாரியாக வெளியிட்டால் என்ன?

நான்குவழிச் சாலை வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பரமக்குடி - ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டருக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது ராமநாதபுரத்தோடு நின்றுவிடும். அங்கேவரை வேகமாக வந்து பழகிய கால், எங்கள் ஊர் இருவழிச் சாலையில் சட்டென்று பிரேக்குக்கு மாறுமா? அப்புறம் பாம்பன் பாலம். புதிய ரயில் பாலத்தைப் பார்க்க நடுப் பாலத்திலேயே வண்டியை நிறுத்திக் குழந்தைகளோடு இறங்கிவிடுகிறார்கள். அங்கே நிரந்தரமாகக் காவலர் நிற்க வேண்டும்.

அடிபட்டவரைத் தூக்க இன்னும் பலர் தயங்குகிறார்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும் என்ற பயம். உதவுகிறவருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணமும் கட்ட வேண்டாம். இதை ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் எழுதிவைக்கலாம்.

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. முக்குகளில் கருவேலத்தை வெட்டி, மறுபடி துளிர்க்காமல் வேரோடு எடுக்க வேண்டும். தண்ணீர் வண்டிகளுக்கு ஊராட்சியே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டித் தரலாம். ராமநாதபுரத்துக்கு முன்பாகவே ஓட்டுநர்கள் படுத்துத் தூங்க, கழிப்பறையும் தண்ணீரும் உள்ள ஒரு கொட்டகை வேண்டும். அடுத்த அமாவாசைக் கூட்டத்துக்கு முன்பே இவற்றைச் செய்ய முடியும். உங்கள் செய்தியாளர்களும் இனி விபத்துச் செய்தியில் நேரத்தையும் இடத்தையும் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீக்கடை நடத்தும் வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.