அடுத்த தொற்று வருமுன் சிறைக்குள் போய்ச்சேர வேண்டியவை

சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் உறுப்பினர்களுக்கும் கொழும்பிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிறையில் பிள்ளையோ கணவரோ இருக்கும் குடும்பங்களுக்கு மனு எழுதிக்கொடுப்பது, புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் வாசல்வரை கூடப் போவது, சிங்களத்தில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது என்று பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எனக்குப் பின்னால் எந்த அமைப்பும் இல்லை. யாராவது ஒருவர் "டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்ப, அவர்கள் வருவார்கள்.

கோவிட் காலத்தைப் பற்றி இப்போது எவரும் பேசுவதில்லை. நான் பேச விரும்புகிறேன். 2020 மார்ச்சில் சிறைக் கதவுகள் பார்வையாளருக்கு மூடப்பட்டபோது, உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் காவலில் நின்ற உத்தியோகத்தர்களுக்கும் ஒரு விடயம் பொதுவாகத் தெரியாமல் இருந்தது: கதவு மூடிய பின்னும் ஒரு கைதிக்கு எந்தெந்த உரிமைகள் அப்படியே இருக்கின்றன என்பது. அந்தத் தெரியாமைக்கு மனித உயிர்களால் விலை கொடுத்தோம். சிறைகளில் மனித உரிமைக் கல்வியை நோய்த்தடுப்பு ஆயத்தத்தின் ஒரு பகுதியாக எழுதிவையுங்கள். அதைத் தமிழிலும் சிங்களத்திலும், தொற்று எதுவும் இல்லாத இந்தக் காலத்திலேயே தொடங்குங்கள். என் கோரிக்கை இதுதான்.

மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மறுநாளே அனுராதபுரம் சிறைச்சாலையில் நடந்த பதற்றத்தில் இரண்டு கைதிகள் கொல்லப்பட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் வெலிக்கடைச் சிறையின் பெண்கள் பிரிவில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதே மாதம் 29ஆம் திகதி மகர சிறைச்சாலையில் 11 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுமார் 1,000 பேருக்கான அந்த இடத்தில் அப்போது 2,000 பேருக்கும் மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். கைதிகள் தமக்குள் மோதிக்கொண்டார்கள், போதை மாத்திரைகள்தான் காரணம் என்றெல்லாம் முதலில் சொல்லப்பட்டது. பிறகு வந்த பிரேத பரிசோதனை முடிவுகள் துப்பாக்கிக் குண்டுகளைச் சுட்டிக்காட்டின.

அந்தக் கைதிகள் கேட்டது என்ன? பி.சி.ஆர். பரிசோதனை செய்யுங்கள், தொற்றியவர்களை எங்களிடமிருந்து பிரித்துவையுங்கள், சிறு வழக்குகளில் உள்ளவர்களைப் பிணையில் விடுங்கள் என்றார்கள். சமூகத்தில் வெளியே இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவ வசதி கைதிக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று மண்டேலா விதிகளின் 24ஆம் விதி சொல்கிறது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட விதிகள் அவை. மகரவில் கத்திக் கேட்ட மனிதர்களில் எத்தனை பேருக்கு அந்த விதி தெரிந்திருக்கும்? அதைவிட முக்கியமாக, துப்பாக்கியோடு நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தமக்கு முன்னால் நிற்பவர்கள் கேட்கும் மருத்துவ வசதி அந்த விதியின்படி அவர்களுக்கு உரியது என்பதை ஓர் உத்தியோகத்தர் அறிந்திருந்தால், அவர் அதைக் கலகமாகப் பார்க்கும் முன் ஒரு கணமாவது யோசித்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல்வி இல்லாததைக் காரணம் காட்டிச் சுட்டவர்களின் பொறுப்பை நான் குறைக்கவில்லை. அந்தப் பொறுப்பை நீதிமன்றம் தீர்க்கட்டும். உங்கள் கையில் இருப்பது அடுத்த முறை.

வாசலில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சிறைச்சாலையின் பெயர் வேண்டாம். மலையகத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மகன் விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியுமுன் வைக்கப்படும் காவலில். பிணை கிடைத்தும், கையெழுத்திடத் தகுதியான இரண்டு பிணையாளர்களைத் தேடிக்கொள்ள முடியாததால் உள்ளேயே இருந்தான். தாயின் கையில் ஒரு சீலைப்பை. அதில் சவர்க்காரம், பற்பசை, இரண்டு சாரம், பனடோல் அட்டை, வாழையிலையில் கட்டிய ரொட்டி. கம்பிக் கதவில் ஓர் அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். முழுவதும் சிங்களம். அவர் அதன் முன்னால் நின்று எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாசித்துச் சொன்னேன்: மறு அறிவித்தல்வரை பார்வையிட அனுமதி இல்லை, வெளி உணவு ஏற்கப்படமாட்டாது. அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. மகனுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்வார்களா? எந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்பது? வழக்குத் திகதி தள்ளிப்போனால் யார் சொல்வது? இந்த மூன்றில் ஒன்றுக்கும் அந்த அறிவித்தலில் பதில் இருக்கவில்லை. காவலில் நின்ற இளம் உத்தியோகத்தருக்கும் பதில் தெரியவில்லை. அவர் கோபக்காரர் இல்லை, வெயிலில் நின்று களைத்துப்போயிருந்தார். தமிழில் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாத சங்கடம் அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் சவர்க்காரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சிங்களமும் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. கைதிக்கு அவனது உரிமைகளையும் கடமைகளையும் முறையிடும் வழிகளையும் எழுத்தில் கொடுக்க வேண்டும், அவனுக்கு விளங்கும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று மண்டேலா விதிகள் 54, 55 சொல்கின்றன. சாதாரண காலத்தில் இந்தக் குறையைக் குடும்பங்கள் நிரப்புகின்றன. அக்கா சட்டத்தரணியிடம் கேட்டு வந்து தம்பிக்குச் சொல்கிறாள். பார்வையிட வருகிறவர்கள்தான் சிறைக்குள் தகவல் போகும் ஒரே குழாய் என்பது அந்தக் குழாய் அடைபட்ட நாளில்தான் எல்லோருக்கும் தெரியவந்தது. உள்ளே வதந்தி பெருகியது. பக்கத்து வார்டில் செத்துவிட்டார்கள், எங்களை மறைக்கிறார்கள், உடலை எரித்துவிடுவார்கள் என்று பேச்சு. அந்தக் கடைசிப் பயம் வெறும் கற்பனையில் பிறந்ததும் இல்லை. கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்த நாடு இது, 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த நடைமுறை மாற்றப்பட்டது. அடைக்கப்பட்ட மனிதர்களிடம் உண்மையைச் சொல்ல எவரும் இல்லாவிட்டால் அவர்கள் கூரையில் ஏறுவார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. சிறைக்குள் கலவரம் என்று வானொலியில் கேட்டதும் எங்கள் வீடுகளில் 1983 ஜூலை எழுந்து நிற்கும். அந்த மாதம் 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 2012 நவம்பரில் அதே வெலிக்கடையில் 27 கைதிகள் கொல்லப்பட்டபோது, அந்தத் துயரம் எங்களோடு மட்டும் முடிந்துவிடவில்லை என்பதும் தெளிவானது. சிங்களத் தாய்மாரும் அதே மதில் ஓரத்தில் அழுதார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருப்பவர்களின் உறவினர்கள் முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து காலையில் பொரளையில் இறங்குகிறவர்கள். மாகாணங்களுக்கிடையிலான போக்குவரத்து நின்றபோது அவர்களுக்கு எல்லாமே நின்றது. அந்தக் கைதிகளை நேரில் சென்று பார்க்கும் அதிகாரம் உடைய ஆணைக்குழுவே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: அடுத்த முறை குடும்பங்கள் வர முடியாத மாதங்களில் நீங்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் போக வேண்டும். பாதுகாப்பு உடையோடு போங்கள், பரிசோதனை செய்துகொண்டு போங்கள், ஆனால் போங்கள். 2017 டிசம்பரில் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் விருப்புக்குரிய நெறிமுறையில் இலங்கை இணைந்தபோது, தடுப்பிடங்களைப் பார்வையிடும் தேசியப் பொறிமுறையாக நியமிக்கப்பட்டவர்கள் நீங்கள்தான்.

உங்கள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வறிக்கையை நன்றியோடு நினைக்கிறேன். நாடு தழுவிய அளவில் சிறைகளுக்குள் போய்க் கைதிகளிடமும் உத்தியோகத்தர்களிடமும் கேட்டு எழுதிய முதல் ஆய்வு அது. ஆனால் அதில் இருப்பது கைதிக்குப் போய்ச்சேரவில்லை. பக்கம் பக்கமாக வேண்டாம், ஒரே ஒரு தாள் போதும். வந்து சேரும் நாளில் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் மொழியில் அதைக் கொடுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு ஒலிபெருக்கியில் வாசியுங்கள். மருத்துவர் எடுத்த முடிவைச் சிறை அதிகாரி மாற்ற முடியாது என்று அதில் இருக்கட்டும். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதம்தான் அவகாசம் என்றும், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த அவகாசத்தில் கணக்கிடப்படாது என்றும் இருக்கட்டும். இந்த ஒரு விதியை முன்னரே அறிந்திருந்தால், ஊரடங்கில் சட்டத்தரணியைத் தேட முடியாமல் தவித்த பல குடும்பங்கள் நம்பிக்கை இழந்திருக்க மாட்டார்கள். என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர இலக்கத்தையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அந்த இலக்கத்துக்குக் கைதி எப்போது, எந்தத் தொலைபேசியிலிருந்து பேசலாம் என்பதையும் சேருங்கள். பேச வழியில்லாத இலக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

ஆணையாளர் நாயகம் அவர்களே, உத்தியோகத்தர்களையும் நான் மறக்கவில்லை. தொற்றுக் காலத்தில் அவர்களும் நோயில் விழுந்தார்கள், வீட்டுக்குப் போக முடியாமல் நாள்கணக்கில் கடமையில் கிடந்தார்கள், கொள்ளளவைவிடப் பன்மடங்கு நிரம்பிய வார்டுகளுக்குப் பொறுப்பாக நின்றார்கள். இவர்களின் பயிற்சியில் மனித உரிமை ஒரு காலைநேர விரிவுரையாக முடிந்துவிடக் கூடாது. ஒரு வார்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல், மற்றவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், நீங்கள் என்ன சொல்வீர்கள், யாரை அழைப்பீர்கள், எந்த மொழியில் சொல்வீர்கள் என்று அவர்களை நடித்துப் பார்க்கவையுங்கள். ஒவ்வொரு கடமைநேரத்திலும் தமிழ் பேசும் ஒருவராவது இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கல்வி மட்டும் போதும் என்று நான் சொல்லவரவில்லை. பசித்திருப்பவனிடம் சாசனம் வாசிக்க முடியாது. பார்வையிடல் நிற்கும் நாளிலேயே தொலைபேசி நேரம் கூட வேண்டும், அதற்கான கட்டணம் கைதியிடமிருந்து வரக் கூடாது. சவர்க்காரமும் பெண்களுக்கான அணையாடையும் குடும்பம் கொண்டுவந்தால்தான் உண்டு என்ற நிலை நீங்க வேண்டும். தாயோடு சிறையில் வளரும் குழந்தைகளுக்குப் பால்மாவும் தடுப்பூசியும் தடைப்படக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக நெரிசல் குறைய வேண்டும். 2020 மார்ச் 23ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், யார் யாரை இடைக்காலப் பிணையில் விடலாம் என்று பார்க்க மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்கும்படி உத்தரவிட்டது. இங்கும் அந்த நாட்களில் 3,000 பேர் அளவில் விடுவிக்கப்பட்டார்கள். அது நடந்தது என்பதே நடக்க முடியும் என்பதற்குச் சான்று. ஆனால் சிறைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விளக்கமறியல் கைதிகள். தண்டப்பணம் கட்ட வழியில்லாததால் உள்ளே இருப்பவர்கள் பலர். சிறைக்குப் பதிலாகச் சமூகத்துக்குள்ளேயே பணி செய்ய உத்தரவிட இடம்தரும் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999இலிருந்தே இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்காக ஒரு கூலித் தொழிலாளியைத் தொற்று நிறைந்த அறையில் வைத்திருக்கும் தேவை இந்த நாட்டுக்கு இல்லை.

சட்ட உதவியும் அப்படித்தான். குடும்பத்தின் வருகையை விட்டால், 14 நாட்களுக்கு ஒருமுறை நீதவான் முன் நிற்பதுதான் பல விளக்கமறியல் கைதிகளுக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு. ஊரடங்கில் அதுவும் தாள் நகர்வாக மாறியது. திகதி மட்டும் நீண்டது, மனிதர் நிற்கவில்லை. காணொளி வழி விசாரணைக்கு 2021இல் சட்டம் வந்ததை வரவேற்கிறேன். ஆனால் திரையின் முன் நிறுத்தப்படும் ஒருவருக்கு, நீதவானிடம் தானே பேசலாம், தன்னை அடித்தார்கள் என்றால் சொல்லலாம், தமிழில் சொல்லலாம் என்று யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு சிறைக்காவலர் நிற்கும்போது, யாரும் சொல்லிக்கொடுக்காதவர் வாய் திறக்க மாட்டார்.

கொழும்பில் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிவரை என்னால் சிலரைத் திரட்ட முடியும். மகசின் சிறையிலும் விளக்கமறியற் சிறையிலும் வெலிக்கடைப் பெண்கள் பிரிவிலும் வாரம் ஒரு மணிநேரம் தமிழ் வகுப்பு நடத்த அனுமதி தாருங்கள். பாடத்திட்டத்தை ஆணைக்குழு தயாரிக்கட்டும், சட்ட உதவி ஆணைக்குழுவின் இளம் சட்டத்தரணி ஒருவர் கூட வரட்டும், சிங்கள வகுப்புக்குச் சிங்கள ஆசிரியர்களும் கிடைப்பார்கள். ஊதியம் கேட்கவில்லை. தொற்று வந்து கதவு மூடும் நாளில், அந்த வகுப்பில் படித்த கைதிகளே ஒவ்வொரு வார்டிலும் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லக்கூடியவர்களாக இருப்பார்கள்.

இந்த மடலின் சிங்களப் பிரதியையும் தபாலில் அனுப்புகிறேன். வகுப்புக்கான அனுமதியை எந்தக் கிளையில், எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். படிவத்தை நிரப்பி நேரிலேயே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை