டோர்னமென்ட் நடத்துறவங்க கன் பவரை ஆஃப் பண்ணிட்டு நடத்துங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்ங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல மொபைல் கேம் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. பசங்க கெட்டுப்போறாங்க, கண்ணு போச்சு, படிப்பு போச்சு, பெத்தவங்க பார்த்துக்கணும்னு. சரிதாங்க, அதை மறுக்க நான் எழுதல. ஆனா கட்டுரை பூரா தேடியும் அந்த கேமுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வரி கூட இல்ல. நான் மன்னார்குடில ரீசார்ஜ் கடை வச்சிருக்கேன், கேமுக்குள்ள செலவு பண்ண டாப்-அப் போட பசங்க எங்கிட்டதான் வந்து நிப்பாங்க, அவங்க பேசுறது பூரா காதுல விழும், கடை சாத்துனப்புறம் நானும் ஆடுற ஆளுதான், அதனால சொல்றேன், பசங்க நிஜமா கொதிக்கிறது வேற விஷயத்துக்கு. ஜெயிச்சவனுக்கோ காசு போட்டவனுக்கோ கேம் தூக்கிக் குடுக்குது பாருங்க பவர் கன், அதுக்கு.

இப்ப எழுதக் காரணம் என்னன்னா நம்ம டெல்டா பக்கம் பொங்கலுக்கு, திருவிழாவுக்கு, காலேஜ் விழாவுக்குன்னு மொபைல் கேம்ல ஸ்குவாட் டோர்னமென்ட், அதாவது டீம் டீமா மோதுற போட்டி, வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நடத்துறவங்க பரிசு என்ன, ஃபிளெக்ஸ்ல யார் போட்டோ பெருசு, எல்லாம் யோசிக்கிறாங்க, கன் விஷயத்தை மட்டும் யோசிக்கிறதே இல்ல.

பவர் கன்னே கூடாதுன்னு நான் சொல்ல வரல, அது இல்லாட்டி கேம் சப்புன்னு போயிரும். பிஜிஎம்ஐன்னு துப்பாக்கி சண்டை கேம்ல ஏர்டிராப், அதாவது பிளேன்லேர்ந்து ஆயுதப் பெட்டி, விழும்ல, அதை யோசிச்சவன் கில்லாடிங்க. பிளேன் சத்தம் தூரத்துல இருக்கிறவனுக்கும் கேக்கும், பெட்டி பாராசூட்ல ஆடி அசைஞ்சு எறங்கும், தரை தொட்டதும் செவப்பு புகை விட்டுக்கிட்டு நிக்கும், சுத்துப்பட்டு எல்லாருக்கும் எடம் தெரிஞ்சுரும். உள்ள ஏடபிள்யூஎம்னு தூரத்துலேர்ந்து சுடுற ஸ்னைப்பர் கன் இருந்தா, லெவல் 3ன்னு இருக்கிறதுலயே கெட்டியான ஹெல்மெட் போட்டவனையும் தலைல ஒரே அடில சாய்ச்சுரும், அவ்ளோ பவர். ஆனா அதை எடுக்க ஓடும்போதே ரெண்டு மூணு ஸ்குவாடு புல்லுல படுத்துக்கிட்டு உங்களை குறி பார்த்துட்டு இருக்கும். எடுத்துட்டாலும் அதோட புல்லட்டு வழக்கமா கீழ கெடக்காது, பெட்டில வந்ததுதான், தீந்தா தீந்துச்சு. மேட்ச் முடிஞ்சா கன்னும் போச்சு, அடுத்த மேட்ச்ல எல்லாரும் வெறுங்கையோட குதிக்கிறோம். ஏர்டிராப் கன்ல செத்தவன் எவனும் எங்கடைல வந்து கன்னை திட்டுனதில்ல, கவர் குடுக்காம ஓடுன கூட்டாளியத்தான் திட்டுவான்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக்னு இன்னொரு துப்பாக்கி கேம்ல வேற மாதிரி வச்சிருக்காங்க. அங்க ஏடபிள்யூபி ஸ்னைப்பர் 4,750 டாலர், கேம் காசுதான், ரவுண்டு ரவுண்டா சேத்து வாங்கணும். சாதா ரைஃபிள்ல ஒருத்தனை அடிச்சா 300 குடுக்குறவன் இதுல அடிச்சா 100 தான் குடுப்பான். தொடர்ந்து தோக்குற டீமுக்கு 1,400ல ஆரம்பிச்சு 3,400 வரைக்கும் ஏத்திக் குடுப்பான், அவனும் எந்திரிச்சு நிக்கணும்ல. அப்படியும் அந்த கன்னு ஓவராத்தான் போச்சு, 2022 நவம்பர்ல மேகசின்ல 10 புல்லட் இருந்ததை 5 ஆக்கிட்டாங்க. ஒரு அடில சாகுறது அப்படியே இருக்கு, ஆனா குறி தப்பிட்டே இருந்தா நடுத்தெருவுல நின்னு ரீலோட் பண்ணணும். எனக்கு இந்த நெர்ஃப், அதாவது பவரைக் கொறைச்ச விதம், ரொம்பப் புடிச்சுது, நல்லா ஆடுறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, சும்மா சுட்டுத் தள்ளுறவனுக்குத்தான் வலிக்கும்.

இதுக்கு நேர் எதிர், 2009ல வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2. சாகாம 7 பேரை அடிச்சா ஹேரியர் விமானம், 11க்கு ஹெலிகாப்டர், 25க்கு நியூக்னு அணுகுண்டு, அது விழுந்தா மேட்சே முடிஞ்சுது. 25 கில் யாருங்க எடுக்குறதுன்னு கேப்பீங்க. ஹேரியர் தானா சுத்தி அடிக்கிற கில்லும் உங்க கணக்குலதான் ஏறும், அதுல ஹெலிகாப்டர் வரும், ஹெலிகாப்டர் அடிக்கிறதுல நியூக்கே வந்துரும். மேல்மடைக்காரன் மதகை அடைக்காமயே வச்சிருந்தா கடைமடைக்கு எங்கேர்ந்து தண்ணி வரும், அந்தக் கதைதான். அடுத்த வருஷம் வந்த பிளாக் ஆப்ஸ்ல, அப்படி வர்ற கில்லை அடுத்த பரிசுக்கு சேக்காம விட்டாங்க, அதோட அந்த ஆட்டம் அடங்குச்சு.

சிங்கப்பூர்ல இருக்குற என் மாமா பையன் டெஸ்டினி 2ன்னு ஒரு ஷூட்டிங் கேம் ஆடுறவன், அவன் சொல்ற கதை இன்னும் மோசம். 2018ல அதுல நாட் ஃபர்காட்டன்னு ஒரு கைத்துப்பாக்கி, போட்டி மேட்ச்ல லெஜண்ட்னு மேல் ரேங்க் தொட்டவனுக்குத்தான் கெடைக்கும். சரி, வாங்கிட்டான், மாலை போடலாம். ஆனா வாங்குனவன் அதே கன்னை எடுத்துட்டு அதே ரேங்க் மேட்சுக்குத் திரும்ப வந்து, அதுக்காக ஏறி வர்றவனை அடிச்சு எறக்கிட்டு இருந்தான். 2019ல சுடுற வேகத்தை கொறைச்சாங்க. அதோட விட்டிருந்தா பரவால்ல, 2020 நவம்பர்ல பழைய கன் நெறைய பேத்துக்கு இதுக்கு மேல பவர் ஏறாதுன்னு உச்சவரம்பு போட்டு, பெரிய ரெய்டுக்கு, அதாவது கூட்டா சேந்து ஆடுற கஷ்டமான ஆட்டத்துக்கு, தூக்கிட்டுப் போக முடியாம பண்ணிட்டாங்க, ராத்திரி பகலா ஆடி வாங்குனவன்லாம் கத்துனான், 2021 பிப்ரவரில இனிமே புதுசா எதுக்கும் இப்படி பண்ண மாட்டோம்னு அறிவிச்சாங்க. குடுக்கும்போது யோசிக்காம குடுத்துட்டு அப்புறம் புடுங்குனா யாருக்குத்தான் கோவம் வராது.

ஆனா இதெல்லாம் ஆடி ஜெயிச்சவன் கைக்குப் போனது. நம்மூர் பசங்க ஆடுற ஒரு கேம் இருக்கு, பேர் வேணாம், ஆடுறவங்களுக்குத் தெரியும். அதுல கன் ஸ்கின்னா வெறும் கலரு டிசைன் இல்லீங்க. ஸ்கின்னுக்கு கீழ சின்னதா போட்டிருக்கும், டேமேஜ் கூட, சுடுற வேகம் கூட, பேருக்கு ஒண்ணு மட்டும் கம்மி, மேகசினோ ரீலோடோ. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லாபிலயே மாட்டிக்கிட்டு வரலாம், மேப்ல கெடக்குற சாதா கன்னை எடுத்தாலும் அந்த ஸ்கின் அதுல ஏறிக்கும். பிளேன் சத்தம் இல்ல, புகை இல்ல, மேட்ச் முடிஞ்சாலும் உங்ககிட்டயேதான் இருக்கும். எதிர்ல நிக்கிறவனுக்கு தான் ஏன் செத்தோம்னே தெரியாது. அதை வாங்கணும்னா காசு போட்டு ஸ்பின் சுத்தணும், குலுக்கல் மாதிரி, எப்ப விழும்னு எவனுக்கும் தெரியாது.

பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் நோட்டை சுருட்டி உள்ளங்கைல வச்சுக்கிட்டு வந்தான். டாப்-அப் போட்டுவிட்டேன், கல்லா ஓரமா நின்னு அங்கயே சுத்துனான், ஒரு டான்ஸு, ஒரு பை, ஒரு பாராசூட் டிசைன்னு வந்துச்சு, கன் வரல. இன்னொரு தடவ போடுங்கண்ணேன்னான். இல்லடா தம்பி வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டேன், அடுத்த கடைல போட்டிருப்பான், அதுவும் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம டோர்னமென்ட்டாம், எதிர் டீம்ல ரெண்டு பேர்கிட்ட அந்த ஸ்கின் இருக்காம், அதான் அவன் அவசரம். நீங்க கட்டுரைல எழுதுன அடிமைத்தனத்துல பாதி இந்த எடத்துலதாங்க ஆரம்பிக்குது.

வெளிநாட்டுல இதுக்கு சண்டையே நடந்திருக்கு. 2017 நவம்பர்ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வந்தப்ப, காசு குடுத்து பெட்டி வாங்குனா பவர் கார்டு விழும்னு வச்சிருந்தாங்க, ஆடுறவங்க போட்ட சத்தத்துல ரிலீஸுக்கு முன்னாடியே காசுக்கு விக்கிறதை நிறுத்த வேண்டியதா போச்சு. அடுத்த ஏப்ரல்ல பெல்ஜியம் சூதாட்ட கமிஷன் சில கேம்ல இந்த மாதிரி பெட்டி சூதாட்டத்துக்குள்ளதான் வருதுன்னு சொல்லிருச்சு. நம்ம நாட்டுல 2025ல காசு கட்டி காசு ஜெயிக்கிற ஆன்லைன் கேமுக்கு தடைச் சட்டம் வந்துச்சு, இந்த ஸ்பின்னு அதுல எங்க நிக்குதுன்னு நம்ம பேப்பர்ல ஒரு வக்கீலை எழுதச் சொல்லுங்களேன், படிக்க ஆள் இருக்கு.

அதுவரைக்கும் டோர்னமென்ட் நடத்துற அண்ணன் தம்பிங்களுக்கு ஒரே விஷயம். ஸ்கின் பவர் இருக்குற அந்த கேம்ல கஸ்டம் ரூம், அதாவது நம்ம ஆளுங்க மட்டும் ஆடுற தனி ரூம், போடும்போது செட்டிங்ஸ்ல கன் ஆட்ரிபியூட்டுனு ஒண்ணு இருக்கும், ஸ்கின் தர்ற எக்ஸ்ட்ரா பவர்தான் அது, அதை ஆஃப் பண்ணுங்க. எல்லார் கன்னும் ஒரே அடி அடிக்கும். காசு போட்டு வாங்குனவன் வருத்தப்படுவானேன்னு ஒரு நடத்துனர் எங்கிட்ட கேட்டாரு, ஸ்கின்னோட அழகு எங்கயும் போகல சார், அது அப்படியே மினுக்கும், எக்ஸ்ட்ரா டேமேஜ் மட்டுந்தான் போகுது, மேட்ச் வெளையாட வந்தவனுக்கு அதுல என்ன வருத்தம். போஸ்டர்ல பரிசு விவரத்துக்கு கீழ ஆட்ரிபியூட் ஆஃப்னு ஒரு வரி போட்டுருங்க, ரூம் போட்டதும் ரெண்டு டீம் கேப்டனையும் கூப்ட்டு செட்டிங்ஸை திறந்து காட்டிருங்க, பின்னாடி தகராறு வராது.

இப்படிக்கு,
ரீசார்ஜ் கடைக்காரர் ஒருத்தர்,
மன்னார்குடி.