மாலை நேரப் பயிற்சித் திட்டம்: தீர்மானம் போடும் முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் விளையாட்டும் வாழ்க்கைத் திறன் பயிற்சியும் நடத்தித் தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் கேட்டு வந்திருக்கிறது. செலவை ஒரு தனியார் கம்பெனி சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து, அதாவது சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணத்திலிருந்து, ஏற்கிறது. நம்மிடம் பணம் எதுவும் வாங்க மாட்டார்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வந்த பிறகுதான் தொடங்க முடியும். அதற்கு முன்பு நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட வேண்டும். அந்தக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு. "இலவசம்தானே சார், நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று சிலர் கேட்டிலேயே சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

திட்டம் வேண்டும் என்பதுதான் என் கருத்து. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை கற்க வேண்டியது எல்லாமே பாடப்புத்தகத்தில் கிடைத்துவிடாது. நாலு பேர் முன்னால் நின்று பேசுவது, கோபம் வந்தால் அடக்குவது, தோற்ற மேட்ச் முடிந்ததும் எதிரணிக்குக் கை கொடுப்பது, இதெல்லாம் நாற்பது நிமிட வகுப்புக்குள் அடங்குகிற விஷயமா? அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. இது எத்தனை நாள் நிற்கும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு அமைப்பு இதே போல் வந்தது. பெயர் வேண்டாம். டி-ஷர்ட் கொடுத்தார்கள், பேனர் கட்டினார்கள், நிறையப் படம் எடுத்தார்கள். பயிற்சியாளராக வந்த தம்பி உண்மையிலேயே நல்லவர், பிள்ளைகள் அவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். மார்ச் மாதம் பாதியில் அவர் வருவது நின்றுவிட்டது. "புராஜெக்ட் முடிந்துவிட்டது" என்றார்கள். பிள்ளைகள் அதற்கப்புறமும் சில நாள் வராந்தாவில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தார்கள்.

இப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் இல்லை. பணம் வருகிற வழி அப்படி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. கம்பெனியின் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நம் பள்ளியோ ஜூனில் திறக்கிறது. பேச்சுவார்த்தை முடிந்து, பணம் வந்து, ஆள் எடுத்து, பிள்ளைகளின் பெயரை அவர்கள் கற்றுக்கொள்வதற்குள் தீபாவளி வந்துவிடும். பொங்கல் கழிந்தால் அறிக்கை எழுதும் வேலை. 2021இல் விதிகளைத் திருத்தி, தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரே திட்டத்தைத் தொடர வழி செய்திருக்கிறார்கள். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வேண்டியது நாம்.

நிலைத்து நின்ற திட்டங்களும் உண்டு. பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிற 1098 என்ற எண்ணைப் பாருங்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான அந்தத் தொலைபேசிச் சேவையை 1996இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா என்ற பெண் தொடங்கினார். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு களப்பணியாகத்தான் அது ஆரம்பித்தது. அப்புறம் ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்தன, மத்திய அரசு பணம் கொடுத்தது, இப்போது அரசே நடத்துகிறது. அந்த அம்மா எப்போதோ வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். எண் ஓடிக்கொண்டிருக்கிறது. அரசிடம் போனதில் நல்லது மட்டும்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன், அதைப் பற்றி இரண்டு விதமான கருத்து உண்டு. ஆனால், தான் போன பிறகும் வேலை நடக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பத்திலேயே யோசித்திருக்கிறார். நம் பள்ளிக்கு வரும் நிறுவனத்தின் தலைவரிடமும் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இல்லம் தேடிக் கல்வி உங்களுக்கே தெரியும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் முதல்வர் தொடங்கி வைத்தார். நம் தெருக்களிலேயே படித்த பெண்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அளந்து பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் கால் பங்கு அளவுக்கு இல்லம் தேடிக் கல்வியின் வேலை. கூரையும் கரும்பலகையும் அதைச் செய்துவிடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளை வரவில்லை என்றால் தேடி வீட்டுக்கே வந்துவிடுவார். வெளியிலிருந்து வருகிற எந்த நிறுவனத்துக்கும் இது சுலபத்தில் அமையாது. நம் ஊர்ப் பட்டதாரிகளில் இரண்டு பேரையாவது உதவிப் பயிற்சியாளராக எடுங்கள் என்று கேட்கப் போகிறேன்.

இதில் உங்கள் இடம் என்ன என்றால், சட்டப்படியே பெரிய இடம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 சொல்கிறபடி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு. தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவதற்காக அந்தக் குழுவை வைக்கவில்லை. (டீ உண்டு.)

நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் அன்று வருவார்கள். சும்மா கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பயிற்சியாளருக்கு மாதச் சம்பளமா, தினக்கூலியா என்று கேளுங்கள். குறைந்த சம்பளத்துக்கு எடுத்த ஆள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏப்ரலுக்குப் பிறகு பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். வருகிறவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்ததா, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் உண்டா, பிள்ளைகளின் படத்தை யாரிடம் கேட்டுப் பேஸ்புக்கில் போடுவார்கள், இதற்கெல்லாம் பதில் எழுத்தில் வேண்டும். எந்த நேரமும் நம் ஆசிரியர் ஒருவர் உடன் இருப்பார். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு சிக்கலுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. பயிற்சி முடியும்போது ஐந்தே முக்கால் ஆகிவிடும். காலனிப் பக்கம் போகும் பஸ் அதற்கு முன்பே போய்விடுகிறது, அடுத்த பஸ் வருவதற்குள் இருட்டிவிடும். அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டீர்கள், அனுப்பச் சொல்லவும் எனக்கு மனம் வராது. அவர்கள் இல்லாமல் நடத்தினால் யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களே விடுபட்டுப் போவார்கள். சனிக்கிழமை காலையில் வைக்கலாமா, ஷேர் ஆட்டோவுக்கு அந்தக் கம்பெனியிடமே கேட்கலாமா என்று யோசித்து வாருங்கள். காலனியிலிருந்து யாராவது கட்டாயம் வர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால் கூட்டத்தை ஐந்து மணிக்குத் தள்ளி வைக்கிறேன்.

கீழே உள்ள சீட்டில் உங்கள் கேள்வி ஏதாவது இருந்தால் எழுதி, வியாழக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளையை எழுதச் சொல்லலாம், அல்லது காலையில் பிரேயருக்கு முன் என்னை நேரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி