வியர்க்காத தேமல்

ஆசிரியருக்கு,

கடந்த வார மாணவர் பகுதியில் வந்த 'மனிதத் தோல்' கட்டுரையைப் படித்தேன். படம் நல்ல தெளிவு. மேற்றோல், உட்டோல், அடியில் கொழுப்புப் படை, மயிர்ப்புடைப்பு, நெய்ச்சுரப்பி, வியர்வைச் சுரப்பி எல்லாவற்றுக்கும் பெயர் இட்டிருந்தீர்கள். பரீட்சைக்கு அது போதும். தொழுநோய் இன்னும் விட்டுப்போகாத மட்டக்களப்பில் விற்கிற பத்திரிகைக்குப் போதாது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். வியர்வையின் தொழில்களில் 'கழிவகற்றல்' என்பதை முதலாவதாகப் போட்டிருந்தீர்கள். வியர்வையில் ஏறத்தாழ 99 வீதம் தண்ணீர்தான். மிச்சத்தில் பெரும்பகுதி உப்பு, யூரியா சொற்பம். கழிவை அகற்றுவது சிறுநீரகம். வியர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது, அதுவும் அது ஆவியாகிப் போனால்தான். வாவிப் பக்கம் காற்றே அசையாத சித்திரை வெயிலில் வியர்வை ஆறாகச் சொட்டியும் சூடு தணியாததும், கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும்போது சட்டை நனையாமலே நா வறண்டுபோவதும் இதனால்தான்.

சரி, சொல்ல வந்த விஷயம் வேறு. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தச் சுரப்பிகள் எதுவும் தன்பாட்டில் சுரப்பதில்லை. ஒவ்வொன்றையும் மெல்லிய நரம்பு இழைகள் சுற்றியிருக்கின்றன. அவை சொன்னால்தான் வியர்க்கும். உங்கள் படத்தில் அந்த நரம்பு இல்லை. தோலிலுள்ள நரம்பைத் தேடிப்போய்த் தாக்குகிற கிருமி ஒன்று உண்டு: தொழுநோய்க் கிருமி. நரம்பு கெட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி குறையும், வியர்வை நிற்கும், மயிரும் உதிரும்.

படுவான்கரையில் சிறுபோக அறுவடை நேரம், சூடடிக்கிற களத்தில் ஒருவரின் முதுகைப் பார்த்தேன். வெறும் மேல். முதுகு முழுக்க வியர்வையில் தூசும் சுணையும் அப்பிக் கிடந்தது. தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒன்றும் ஒட்டாமல், சற்று வெளிறி, காய்ந்து இருந்தது. கேட்டால், "அது பழைய தேமல் சேர், கடிக்கிறதுமில்ல, நோகிறதுமில்ல" என்றார். அரிப்பில்லை என்கிற அந்தக் 'கடிக்கிறதில்லை'தான் கவனிக்க வேண்டியது.

தேமல் என்பது நம் தோலின் எண்ணெய்யை உண்டு வளரும் ஒரு பங்கசு. அது மெல்லிய செதிலாக உரியும், சிலருக்குக் கடிக்கும், தொட்டால் உணர்வு தெரியும். தொழுநோய் மறு, அதாவது தோலில் விழும் அடையாளம், வெளிறியோ சிவந்தோ இருக்கலாம். பெரும்பாலும் கடியும் இல்லை, நோவும் இல்லை, தொடுகையும் மங்கிவிடும். நோவில்லாததால் ஆளும் வைத்தியரிடம் போவதில்லை. கடையில் வாங்கிய ஏதோ ஒரு கிறீமைப் பூசிக்கொண்டு காலத்தைக் கடத்துவார். கிருமி உடம்பில் புகுந்து அடையாளம் காட்டவே சராசரி 5 ஆண்டுகள் எடுக்கும், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகும்.

இந்த நோய் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் பலர். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இலங்கை 1995இல் எட்டியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்பட்டு வருகிறார்கள், சிறுவர்கள் உட்பட. நம்மூரில் வேறொரு தடையும் இருக்கிறது. தொழுநோயாளரைப் பிரித்து வைத்திருந்த மாந்தீவு என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, நோயைச் சொன்னால் வாவிக்கு நடுவே கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தக் காலம் முடிந்து எவ்வளவோ நாளாகிறது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இன்று இலவசம். மறுக்கள் ஐந்து வரை என்றால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம், வீட்டிலிருந்தபடியே. தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றாது. ஒரு மருந்து தோலைக் கொஞ்சம் கறுக்கவைக்கும். சிகிச்சை முடிந்தபின் அது மெல்ல மாறும். இதைச் சொல்லாமல் விட்டால், கறுத்ததைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே ஆசிரியரிடம் கேட்பது இதுதான். அதே படத்தை நரம்பையும் சேர்த்து இன்னொரு முறை போடுங்கள். பக்கத்தில் தேமலையும் தொழுநோய் மறுவையும் நிறப்படமாகப் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் வித்தியாசம் பிடிபடாது. விளையாடி வந்த பிள்ளையின் முதுகைத் துடைக்கும்போது ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கிலோ காட்டச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். மாணவர் பகுதியை வீட்டில் அம்மாமாரும் வாசிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
செங்கலடி.